சர்க்கரை நோயும் இறுகிப்போன தோள்பட்டையும்: யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதவை

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது 2010ஆம் ஆண்டில் தெரியவந்தது. அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனை, இரவு படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது என்று மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்த அனைத்தையும் முறையாகவே செய்துவந்தேன். கண், சிறுநீரகம், கால், இதயம் ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கும் படங்கள் சுவரில் இல்லாத சர்க்கரை நோய் மருத்துவமனையை நான் பார்த்ததில்லை. ஆனால் என் அன்றாட வாழ்க்கையை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடக்கிப்போட்டது இவற்றில் எதுவுமில்லை, என் வலது தோள்பட்டைதான். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது பரவலாக நடப்பது என்பதை, கை பாதி உயரத்துக்கு மேல் எழாமல் போன பிறகுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். அதற்குள் பல மாதங்களும் கணிசமான பணமும் போயிருந்தன. இதே நிலையில் இருக்கும் ஒருவருக்காவது அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்கு அருகில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், கரும்பலகையின் மேல்வரியில் தேதியும் பாடத் தலைப்பும் எழுதும்போது கையில் ஓர் இழுப்பு தெரிந்தது. வலி தோள்மூட்டில் இருந்திருந்தால் நானும் மருத்துவர்களும் தோளைச் சந்தேகித்திருப்போம். அது புஜத்தின் வெளிப்பக்கத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருந்தது. விடைத்தாள் திருத்தியதால் வந்த வலி என்று சக ஆசிரியைகள் சொன்னார்கள், அது நம்பும்படியாகவும் இருந்தது. சில வாரங்களில் பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் போயிற்று. பிறகு பின்னல் போடக் கை பின்னால் போகவில்லை. உள்ளாடையின் கொக்கியை மாட்ட முடியவில்லை என்பதை ஒரு பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார், மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் எண்பதை நெருங்கும் என் மாமியாரும் மட்டுமே. காலையில் ரவிக்கையின் கையை மாட்டுவதற்கே நெடுநேரம் பிடித்தது. வலது கையை முதலில் விட்டு, பிறகு இடது கையை நுழைக்க வேண்டும் என்ற எளிய உத்தியைக்கூட வெகுநாள் கழித்தே தெரிந்துகொண்டேன். கழற்றும்போது இது தலைகீழ், நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும்.

பகலைவிட இரவுதான் கொடுமையாக இருந்தது. வலப்பக்கம் படுக்கவே முடியாது. இடப்பக்கம் படுத்தால் வலது கை மார்பின் குறுக்கே சரிந்து தோளை இழுக்கும். மல்லாந்து படுத்தாலும் முழங்கை மெத்தையில் தாழ்ந்து வலி எடுக்கும். "ராத்திரி முழுக்க உக்காந்தே இருக்கியேம்மா" என்று என் மாமியார் பதறுவார். பகலில் சாதாரணமாக இருக்கும்போதே, கைநழுவும் சாக்குக்கட்டியைப் பிடிக்கச் சட்டென்று கை நீண்டுவிட்டால் போதும், உயிர் போகும் வலி வந்து மேசையைப் பற்றிக்கொண்டு நிற்பேன். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். வெளியில் காயமோ வீக்கமோ எதுவும் இல்லாததால் பெரியவர்களுக்கு அந்த வலியைப் புரியவைப்பது கடினமாக இருந்தது. வயதானால் வருவதுதான் என்று பலர் சொன்னபோது ஏற்பட்ட தனிமையை இன்றும் மறக்க முடியவில்லை. அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது.

முதலில் பார்த்த மருத்துவர் வலி மாத்திரை கொடுத்தார். அது தீர்ந்ததும் அதே மாத்திரை தொடர்ந்தது. அடுத்து ஒரு தனியார் மருத்துவமனையில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப்பட்டை போடச் சொன்னார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சரியாகவில்லை என்றதும் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் 6,500 ரூபாய். ஐம்பதைக் கடந்தவர்களின் கழுத்தைப் படம் எடுத்தால் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். அறிக்கையில் அது எழுதப்பட்டுவிட்டதால் தோளைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. நடுவில் உறவினர் ஒருவர் சுளுக்கு வழிப்பவரை வீட்டுக்கே அழைத்துவந்தார். அவர் எண்ணெய் தடவிக் கையைப் பிடித்து மேலே இழுத்த அன்றிரவு நான் அழுதது என் மாமியாருக்கு மட்டும் தெரியும். அதன் பிறகு இருந்த அசைவும் குறைந்தது.

இங்கே இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வாரக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற மாத்திரைகளும் நீர் பிரியும் மாத்திரையும் எடுத்துக்கொள்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நீங்கள் கேட்கத் தயங்காதீர்கள்: "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இந்த மாத்திரை என் சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளுமா, எத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டே மருந்துச்சீட்டை வாங்குங்கள். இரண்டாவது, வலி இடது தோளிலோ கையிலோ இருந்து, நடந்தால் கூடுகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வழக்கமான நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.

தஞ்சாவூரில் நான் கடைசியாகப் பார்த்த எலும்பு முறிவு மருத்துவர் எந்தப் படத்தையும் முதலில் பார்க்கவில்லை. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, மடக்கிய முன்கைகளை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். இடது கை தாராளமாக விரிந்தது. வலது கை நேராக முன்னால் நீட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது. பிறகு என்னைத் தளர்வாக இருக்கச் சொல்லிவிட்டு அவரே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கைக்கும் அது வரவில்லை. உடனே கேட்டார்: "உங்களுக்குச் சுகர் இருக்கா டீச்சர்?" அதுவரை பார்த்த எவரும் கையையும் சர்க்கரையையும் சேர்த்துக் கேட்டதில்லை.

அவர் விளக்கியது இது. தோள்மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அது அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுவதால் மூட்டு எந்தப் பக்கமும் அசைய முடியாமல் போகிறது. ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்லப்படுவது இதுதான். ரத்தத்தில் பல ஆண்டுகளாகச் சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது, தசைநாண்களிலும் மூட்டுறைகளிலும் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் இந்தத் தொல்லை, சர்க்கரை நோயாளிகளில் 10 முதல் 20 பேர் வரை பாதிப்பதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், அதிலும் பெண்களுக்கு அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும், எலும்பு முறிவினாலோ அறுவை சிகிச்சையினாலோ கையை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வருகிறது. முதல் கட்டத்தில் வலி மிகுதி, அடுத்த கட்டத்தில் வலி குறைந்து இறுக்கம் மிகுதி, மூன்றாவதில் மெல்ல மெல்ல இளகும். மொத்தம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம், சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே ஆகும் என்றார். இவ்வளவு நீண்ட காலத்தைக் கேட்டு இடிந்துபோனாலும், எனக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் தெளிவாகச் சொன்னதே பாதி வலி போனதுபோல இருந்தது.

கையை அவர் திருப்பிப் பார்த்த அந்தச் சோதனையை வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று செய்து பார்க்கலாம். ஒரு கை மற்றொன்றைவிடத் தெளிவாகக் குறைவாக விரிந்தால், எலும்பு மருத்துவரிடம் போய்த் தோளையே நேரடியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தசைநாண் கிழிந்திருந்தால் நம்மால் கையைத் தூக்க முடியாவிட்டாலும் இன்னொருவர் தூக்கினால் அது பொதுவாக வரும், உறை இறுகியிருந்தால் யார் தூக்கினாலும் வராது. இந்த வேறுபாட்டைக் கையால் தொட்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். தோளுக்கு ஓர் எக்ஸ்ரே எடுப்பது மூட்டுத் தேய்மானம், கால்சியம் படிவு போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொள்ள. எம்ஆர்ஐ பலருக்குத் தேவைப்படுவதே இல்லை.

அவர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலி மிகுந்திருக்கும் முதல் கட்டத்தில் போட்டால்தான் அதற்குப் பலன் அதிகம், நான் சற்றுத் தாமதமாக வந்திருக்கிறேன், ஆனாலும் பயன் இருக்கும் என்று சொன்னார். அது உண்மைதான், சில நாட்களில் இரவுத் தூக்கம் திரும்பியது. ஆனால் ஊசி போட்ட மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 290 காட்டியது. வழக்கமாக 140க்கு அருகில் இருப்பவள் நான். வீட்டில் இருந்த கருவி பழுதாகிவிட்டதோ என்று பக்கத்து ஆய்வகத்துக்கு ஓடினேன், அங்கும் அதே அளவுதான். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், பாதித் தட்டுச் சோற்றோடு பயந்துகொண்டே அந்த நாட்களைக் கழித்தேன். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ரத்தத்திலும் கலந்து சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து ஒரு வாரத்துக்குள் தணியும் என்பதை முன்னரே சொல்லியிருந்தால் அந்த அச்சம் இருந்திருக்காது. எலும்பு மருத்துவர் தம் வேலையை நன்றாகச் செய்தார், சர்க்கரை மருத்துவரும் தம் வேலையை நன்றாகவே செய்துவருகிறார், இருவருக்கும் இடையில் இருப்பது நோயாளி மட்டும்தான். ஆகவே ஊசிக்குத் தேதி குறித்ததும் சர்க்கரை மருத்துவரிடம் போய், அந்த வாரம் எத்தனை முறை பரிசோதிக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் அழைக்க வேண்டும், இன்சுலின் எடுப்பவர் என்றால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏற்கெனவே மிகவும் உயர்ந்திருக்கும் நாளில் ஊசியைத் தள்ளிவைப்பது நல்லது.

அடுத்து இயன்முறை சிகிச்சை. முதலில் போன மையத்தில் ஓர் அமர்வுக்கு 350 ரூபாய், மின்கருவிச் சிகிச்சையும் வலுவில் இழுப்பதுமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டால்தான் குணமாகும் என்று அங்கே சொன்னார்கள். வலி மிகுந்த கட்டத்தில் வலுக்கட்டாயமாக இழுப்பது அழற்சியைக் கூட்டவே செய்யும் என்று பிறகு பார்த்த இயன்முறை மருத்துவர் விளக்கினார். அவர் கற்றுத்தந்த பயிற்சிகள் எளியவை. மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டுவது. சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலேற்றி, எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்து வைப்பது. படுத்துக்கொண்டு ஒரு கோலை இரு கைகளிலும் பிடித்து, நல்ல கையால் மற்ற கையை வெளிப்பக்கம் தள்ளுவது. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பது வெகுநாள் கழித்தே தொடங்கியது. பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் வலி அடங்கிவிட வேண்டும், மறுநாள் வரை நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன கணக்கு. படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை வைத்து முழங்கை தாழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். இத்தனை எளிய யோசனை ஒன்று எத்தனையோ இரவுகளைக் காப்பாற்றியிருக்கும்.

உப்பு ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் இதமாகவே இருக்கும், ஆனால் சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு தெரியாது. என் உடன் பணிபுரியும் ஒருவருக்குக் காலில் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வந்து, அது ஆற மாதக்கணக்காகிவிட்டது. சூட்டை மற்றொருவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே நம் தோலில் வைக்க வேண்டும்.

இந்த இரண்டு ஆண்டுகளில் என் மனம் பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும். தூக்கம் இல்லை, மாலை நடைப்பயிற்சியும் நின்றுபோனது, ஏனென்றால் நடக்கும்போது கை வீசினாலே வலித்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6இலிருந்து 9.1க்குப் போனது. சர்க்கரை மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்து, உணவுக் கட்டுப்பாடு இல்லையா என்று கேட்டபோது தொண்டை அடைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. வலியும் தூக்கமின்மையும் உடலில் சுரக்கச் செய்யும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றும் என்பது அவருக்குத் தெரியாததன்று, ஆனால் எனக்கு வலி இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சர்க்கரைக்கு வந்தால் சர்க்கரையை மட்டும் பேச வேண்டும் என்று நானும் அவரும் பழகியிருந்தோம். வகுப்பில் எரிந்து விழுந்தேன். மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று பின்னர் படித்தேன். உலக நீரிழிவு நாளுக்கு 2024 முதல் 2026 வரையிலான கருப்பொருளாகப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு நோயாளியின் நல்வாழ்வையே எடுத்துக்கொண்டிருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரிடம் இரவு தூங்கினீர்களா, சட்டையை நீங்களே மாட்டிக்கொள்ள முடிகிறதா என்று எவராவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். நான் இப்போது மருத்துவரிடம் போகும்போது ஆய்வக அறிக்கையோடு ஒரு துண்டுத்தாளில் தூக்கம், வலி, செய்ய முடியாத வேலைகள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போகிறேன், முதலில் அதைக் கொடுத்துவிட்டே அறிக்கையைக் கொடுக்கிறேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் 55,000 ரூபாய்க்குக் குறையாது. அதில் பாதிக்கு மேல் தோளைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே போனது. என் மருத்துவக் காப்பீடு உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே பணம் தருவது, வெளிநோயாளியாகப் பார்த்த இயன்முறை சிகிச்சை எதற்கும் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. ஈட்டிய விடுப்பும் மருத்துவ விடுப்பும் கரைந்தன. அரசு தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை என்பது தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தரும் திட்டமாகவே பலரும் அறிவோம், அதில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். வெளியே போக இயலாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து கேளுங்கள்.

தோளோடு இது முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரு கைகளையும் கூப்பி வணக்கம் சொல்லும்போது உள்ளங்கைகளும் விரல்களும் முழுவதுமாக ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். இரு கை விரல்களும் ஒட்டாமல் நடுவே இடைவெளி தெரிந்தால், கைமூட்டுகளிலும் அதே விறைப்பு தொடங்கியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனைதான் இது. விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு சொடுக்கென்று விடுபடுவதும், விடியற்காலையில் கை மரத்துப்போய் விழிப்பதும் இந்த நோயோடு சேர்ந்து அடிக்கடி வருபவை, அவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

என் வலது கை இன்றும் முழுமையாக வரவில்லை. பலகையின் மேல்வரி எட்டுகிறது, பின்னல் போட முடிகிறது, முதுகுக்குப் பின்னால் கொக்கி மாட்ட மட்டும் முடியாததால் முன்பக்கம் மாட்டும் வகையை வாங்கிக்கொண்டேன். போன மார்கழியில் இடது புஜத்தில் அதே இடத்தில் அதே இழுப்பு தொடங்கியது. ஒரு பக்கம் வந்தவர்களுக்கு மறுபக்கமும் வரக்கூடும் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. இதயத்தில் குறை இல்லை என்று இசிஜியில் பார்த்துக்கொண்டு, அடுத்த வாரமே தஞ்சாவூர் போனேன். சர்க்கரை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டேன், சர்க்கரை 240 வரை போய் நான்கைந்து நாளில் இறங்கியது, வீட்டிலேயே பயிற்சிகளைத் தொடர்ந்தேன். சித்திரையில் இடது கை தலைக்கு மேல் முழுவதுமாகப் போயிற்று. எல்லாம் சேர்த்து ஆன செலவு 4,000 ரூபாய்க்குள், பள்ளிக்கு விடுப்பு எடுத்தது ஊசி போட்ட அன்று மட்டும்.